ராமக்கல்மேட்டில் நாற்பது நிமிடம்

மலையுச்சியிலிருந்து ஊர் விளக்குகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன ஒன்பது பேரில் ஒருவர், கணுக்கால் முறிந்து, டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கிவரப்பட்டார். நடந்தது இவ்வளவுதான். உயிர்ச்சேதம் இல்லை, காவல் நிலையம் வரை போகவில்லை, செய்தித்தாளில் ஒரு வரியும் வரவில்லை. மலைப்பகுதிகளில் விடுமுறைக் காலத்தில் இப்படி எத்தனையோ நடக்கும். 'கால் வழுக்கிவிட்டது' என்பதோடு கதை முடிந்துவிடும். இதை விரிவாக விசாரித்து எழுதுவதற்கு விழுந்தவர் எங்கள் பெரியம்மா என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், போனவர்களின் கைப்பேசிகளில் நிமிடக் கணக்கோடு படங்கள் இருந்தன. எந்த நிமிடத்தில் கண்ணுக்கு என்ன தெரிந்தது, எப்போது கிளம்பியிருக்கலாம், உண்மையில் எப்போது கிளம்பினார்கள் என்பதை ஊகமில்லாமல் சொல்ல முடிகிற விபத்துகள் அரிது.

குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள். விபத்தின்போது நான் அங்கே இல்லை. கல்யாண வீட்டில் பந்தல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தகவல் வந்த பிறகு விளக்கெடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவன். மற்றதெல்லாம் போனவர்களும் ஜீப் ஓட்டுநரும் சொன்னவை, படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவை.

இடம்

ராமக்கல்மேடு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி. மேற்கே ஏலத்தோட்டங்கள், காற்றாலைகள். கிழக்கே பாறை செங்குத்தாக இறங்கிவிடுகிறது. ஏறக்குறைய 2,000 அடிக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு, அதாவது தமிழ்நாடு. காலடியில் கோம்பை, அதற்கப்பால் உத்தமபாளையம், தெற்கே கம்பம், வடக்கே தேவாரம், தொலைவில் சின்னமனூர், போடி, வானம் தெளிவாக இருந்தால் தேனி. இந்தப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்குச் சொந்த வீடு அந்த ஊர்களில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். எங்கள் தாத்தாவும் கோம்பையிலிருந்து ஏலக்காட்டு வேலைக்கு மலையேறியவர். இன்றும் கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் விடியுமுன் ஜீப்பில் மலையேறி, மாலை மயங்குமுன் இறங்கிவிடுகிறார்கள். மேலே நின்று விளக்கு பார்க்கிறவர்கள் அவர்கள் வீட்டுத் தெருவிளக்கையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

குறவன் குறத்தி சிலை நிற்கும் குன்றுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போகவேண்டும். எங்கள் உறவினர்கள் நின்றது அங்கே இல்லை. சற்றுத் தள்ளி, சாலை முடியும் இடத்திலிருந்து புதருக்கும் ஈத்தை மூங்கிலுக்கும் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையின் முடிவில் இருக்கும் பாறைத் திட்டில். பாதை கடினமானதில்லை. பகலில் ஆறு வயதுப் பிள்ளை ஓடியே போய்விடும். இடையிடையே பாறைகள் படிபோல இருக்கின்றன. சில படிகளுக்கு அடியில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருப்பதால் முழங்கால் உயரத்துக்கு இறங்கவேண்டும். அவ்வளவுதான்.

இந்த இடத்தின் தனித்தன்மை திசையில் இருக்கிறது. விளிம்பு கிழக்கு நோக்கியது; சூரியன் நமக்கு முதுகுப்பக்கம் மறைகிறது. மறைவதற்குச் சுமார் அரைமணி நேரம் முன்பே மலையின் நிழல் கீழே உள்ள ஊர்கள் மீது விழுந்துவிடும். நாம் மேலே வெயிலில் நின்றுகொண்டிருப்போம், கோம்பையில் கடைக்காரர் விளக்கைப் போட்டுவிடுவார். ஏற்காட்டில் பெண்கள் இருக்கை எனப்படும் காட்சிமுனை தென்மேற்கே சேலம் சமவெளியைப் பார்த்திருக்கிறது. அங்கே சூரியன் மறைந்த சிவப்பு கண்ணுக்கு நேரே இருப்பதால் ஊர் விளக்குகள் எடுபட நேரமாகும். ஏற்காட்டில் பழகியவர்கள் அந்தக் கணக்கை இங்கே கொண்டுவருவது தவறு. ராமக்கல்மேட்டில் விளக்கு சீக்கிரம் வந்துவிடும்.

அன்று மாலை

தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். மறுநாள் காலை முகூர்த்தம். மதுரைப் பக்கத்திலிருந்து முன்கூட்டியே வந்துவிட்ட உறவினர்களை, தூக்குப்பாலம் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஜீப் பேசி அனுப்பிவைத்தோம். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி, சித்தப்பா, சித்தி, கல்லூரியில் படிக்கும் பையன்கள் இருவர். பெரியம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு, நடை நன்றாகவே இருக்கும். பெண்கள் எல்லாரும் கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பில் போயிருந்தார்கள்.

முந்திய இரண்டு நாள் பருவம் தப்பிய தூறல். பாதை ஓரளவு ஈரம்.

ஜீப் 5:40க்கு நின்றது. பாறைத் திட்டில் எடுத்த முதல் படம் 6:02. அதில் எல்லார் முகத்திலும் மஞ்சள் வெயில். பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் நீல நிழல். சூரியன் மறைந்தது 6:23க்கு. 6:27 படத்தில் கோம்பைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். 6:36இல் தெருக்கள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. உத்தமபாளையம் எது, கம்பம் எது என்று விரல் நீட்டுகிற படம் அது. தேனியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 183 ஒரு நூலாகத் தெரிகிறது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. பழைய சோடியம் விளக்குகள் இன்னும் எரியும் தெருக்கள் ஆரஞ்சாகவும், எல்.இ.டி. மாற்றிய தெருக்கள் வெண்மையாகவும் பிரிந்து கிடக்கின்றன. தென்னந்தோப்புக்குள் ஒளிந்த வீடுகள் மட்டும் விட்டுவிட்டு மினுக்குகின்றன.

6:50 வாக்கில் எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, பெரியம்மா மட்டும் மேற்கே திரும்பி மூன்றாம் பிறையைக் கும்பிட்டிருக்கிறார். மருமகள் எடுத்த படத்தில் அது இருக்கிறது. அந்தப் படத்தில் பாதையும் தெரிகிறது. பாறைப்படிகளின் விளிம்புகள், ஈத்தைப் புதர், கீழே ஜீப்பின் கூரை வரைக்கும். பிறை தந்த வெளிச்சமில்லை அது. மேற்கு வானத்தில் மிச்சமிருந்த அந்தி.

ஓட்டுநர் அப்போதுதான் மேலே ஏறிவந்தார். கீழிருந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்; காற்றில் எதுவும் கேட்கவில்லை. நெடுங்கண்டம் பக்கத்துத் தமிழர், பல வருடமாக இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்.

"ஐயா, கண் தெரியும்போதே இறங்கிவிடலாம். கீழே ரோட்டோரத்தில் நின்றாலும் விளக்கு தெரியும்."

"பத்து நிமிடம் தம்பி," என்றார் பெரியப்பா.

மகன் இன்னும் தெளிவாகச் சொன்னாராம்: "அண்ணே, நைட் வியூ பார்க்கத்தானே வந்திருக்கிறோம். நன்றாக இருட்டட்டும்."

ஓட்டுநர் வாடகைக்கு வந்தவர். அதற்குமேல் அவர் என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பேத்திக்குக் குளிர்கிறது என்று தன் சால்வையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

பத்து நிமிடம் நாற்பதானது. 7 மணியைத் தாண்டி மதுரை தெரியுமா தெரியாதா என்று சித்தப்பாவுக்கும் பையன்களுக்கும் வாக்குவாதம். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து திசை பார்த்தார்கள். (மதுரை தெரியாது. இடையில் ஆண்டிபட்டி மலைகள் நிற்கின்றன. அதிகம் போனால் அந்தப் பக்கத்து வானம் கொஞ்சம் வெளுத்திருக்கும்.) பிறகு ஆளாளுக்கு வீடியோ. வீட்டிலிருந்து வந்த அழைப்புக்கு வீடியோவிலேயே காட்சியைக் காட்டினார்கள்.

7:18 படத்தில் கம்பம் இல்லை. அதற்கு அடுத்த படத்தில் எதுவுமே இல்லை. வெளிறிய ஒரு பரப்பு. தை மாதக் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. பள்ளத்தாக்கின் காற்று இந்தப் பாறைச் சுவரில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, ஈரம் இருந்தால் விளிம்பிலேயே மஞ்சாகிவிடும், அதாவது மூடுபனியாகிவிடும். முந்திய நாள் தூறல் அந்த ஈரத்தைக் கொடுத்திருந்தது. உள்ளூரில் எவருக்கும் இது புதிதில்லை: மஞ்சு தூரத்திலிருந்து நடந்து வராது, நின்ற இடத்திலேயே மூடும்.

7:30க்குக் கிளம்பினார்கள். 7:44க்கு முதல் அவசர அழைப்பு பதிவாகியிருக்கிறது. இடையில் பெரியம்மா விழுந்துவிட்டார்.

விழுந்த விதம்

விளிம்பில் விழவில்லை. ஆபத்தான இடம் என்று எவரும் சொல்ல முடியாத ஓரிடத்தில், பாதையின் நடுவில், அரித்துப்போன ஒரு பாறைப்படியில் விழுந்தார். அந்த இடத்தை மறுவாரம் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

படி முழங்கால் உயரம். பெரியம்மா முன்னே, மகன் பின்னே. அம்மாவுக்கு வழி தெரியட்டும் என்று மகன் தன் கைப்பேசி விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நல்லெண்ணம்தான். ஆனால் விளக்கு பின்னாலிருந்து வந்ததால் பெரியம்மாவின் நிழல் அவர் காலுக்கு முன்னால், சரியாக அந்தப் படியின் மேல் விழுந்தது. மஞ்சு வேறு வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, கண் முன்னால் வெள்ளைத் திரையாகக் கட்டிவிட்டது. வெள்ளைக்கு நடுவில் ஒரு கருப்பு. அது தரை என்று நினைத்துக் காலை வைத்தார். தரை ஒன்றரை அடிக்குக் கீழே இருந்தது. புதுச் செருப்பு புரண்டது, கால் உள்பக்கமாக மடங்கியது. பிறகு எக்ஸ்ரேயில் பார்த்தபோது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் முறிவு.

தூக்கிவந்த விதத்தையும் சொல்லவேண்டும். சத்தம் கேட்டு ஓட்டுநர் ஏறிவந்து பார்த்துவிட்டு, கீழே டீக்கடையை மூடிக்கொண்டிருந்தவரையும், அங்கே நின்ற தோட்டத் தொழிலாளர் இருவரையும் கூட்டிவந்தார். கடையின் சிவப்பு நாற்காலி ஒன்று. ஜீப்பில் கிடந்த தண்ணீர் பாட்டில் அட்டைப்பெட்டியைக் கிழித்து, காலின் இருபுறமும் வைத்துத் துண்டால் கட்டினார்கள். நாற்காலிக்கால்கள் எடை தாங்காமல் விரியும் என்று ஒரு சாக்கை அடியில் கொடுத்துச் சுற்றிப் பிணைத்தார்கள். நான்கு பேர் தூக்க, ஒருவர் முன்னால் பின்னோக்கி நடந்தார். அவர் கையிலிருந்த சார்ஜ் விளக்கை முழங்காலுக்குக் கீழே, ஏறக்குறைய தரையை உரசுகிற மாதிரி பிடித்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சி அது: அத்தனை கைப்பேசி விளக்குகளும் முகத்தருகே வெள்ளையாக எரிந்துகொண்டிருக்க, அந்த ஒரு விளக்கு மட்டும் தாழ ஓடிவந்தது. தாழப் பிடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் அதன் நிழல் நீளமாக விழும். மேடு பள்ளம் தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் நிழலெல்லாம் மறைந்து பாதை தட்டையாகிவிடும். விடியுமுன் மலையேறிப் பழகியவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் இறங்கும் பாதையை முடித்து ஜீப்பை அடைந்தபோது 8:50.

அழைப்பு எங்கே போனது

இடையில் ஒரு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்பதில் நாற்காலிக்கு ஒரு பங்கு, தொலைபேசிக்கு ஒரு பங்கு. பையன்களில் ஒருவன் உடனே அவசர எண்ணை அழைத்திருக்கிறான். எடுத்தவர் தமிழில் பேசினார். எந்த மாவட்டம் என்று கேட்டார். இவன் இடுக்கி என்றான். அவர் திரும்பவும் தேனி மாவட்டத்தில் எந்த இடம் என்று கேட்டார். பையன் குழம்பிப்போய் ராமக்கல்மேடு, ராமக்கல்மேடு என்று கத்தினான்.

இதில் யார் மீதும் குற்றமில்லை. அந்தப் பாறை விளிம்பிலிருந்து நேர்ப் பார்வையில் இருக்கும் கைப்பேசிக் கோபுரங்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் இருப்பவை. கேரளக் கோபுரம் குன்றின் மறுபக்கம் மறைந்திருக்கும். கைப்பேசி வலுவான கோபுரத்தைப் பிடிக்கும். அழைப்பு அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நேர்க்கோட்டில் கோம்பை காலடியில்தான் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து ஒரு வண்டி வரவேண்டுமானால் கம்பம் போய், கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். தகவலைக் கேரளத் தரப்புக்கு மாற்றிவிட முயல்வதாக எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். அதற்குள் ஓட்டுநர் தன் கைப்பேசியிலிருந்து எங்கள் வீட்டை அழைத்துவிட்டார். கடைசியில் ஜீப்பிலேயே கொண்டுபோனோம்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது பழக்கம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எனவே இதை அழுத்திச் சொல்கிறேன்: விளிம்பில் நின்று அவசர எண்ணை அழைத்தால் முதல் வாக்கியத்திலேயே 'கேரளம், இடுக்கி மாவட்டம்' என்று சொல்லவேண்டும். அதைவிட நல்லது, மேலே ஏறுமுன்பே உள்ளூர் ஆள் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது.

காரணம் எது

வீட்டில் இதைப் பேசியபோது ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். சித்திக்குச் செருப்பு. பெரியப்பாவுக்கு மஞ்சு. பையன்களுக்கு அங்கே விளக்குக் கம்பம் இல்லாதது. ஒரு பாட்டி திருஷ்டி என்றே முடித்துவிட்டார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் 6:50க்கு இறங்கியிருந்தால் இவற்றில் எதுவும் பெரியம்மாவின் காலை முறித்திருக்காது. அதே செருப்பு, அதே ஈரப் பாதை. படி கண்ணுக்குத் தெரிந்திருக்கும். மஞ்சு வந்தபோது அவர்கள் தூக்குப்பாலத்தில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். ஆகவே கேள்வி, அந்த நாற்பது நிமிடம் எதற்காகச் செலவானது என்பதுதான். அதற்குக் கைப்பேசிகளிலேயே பதில் இருக்கிறது.

அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். குடும்பக் குழுவில் பிறகு பகிரப்பட்டவை, சுவரில் மாட்டப் பிரின்ட் போட்டவை, எல்லாமே 6:36க்கும் 6:55க்கும் இடையில் எடுத்தவை. அவற்றில் ஊர்களின் விளக்கும் தெரிகிறது, மலைகளின் உருவமும் தெரிகிறது, வானம் கருநீலமாக இருக்கிறது, முன்னால் நிற்பவரின் முகமும் தெரிகிறது. 7 மணிக்குப் பிறகு எடுத்தவற்றில் கருப்பின் நடுவே கலங்கிய பொட்டுகள்தான். எந்த ஊர், எந்த மலை என்று எடுத்தவருக்கே தெரியவில்லை. கருவியில் கோளாறில்லை. வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் சிறுபொழுதில்தான் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். கண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். முழு இருட்டில் தூரம் என்பதே போய்விடும். கோம்பை எவ்வளவு பக்கம், தேனி எவ்வளவு தொலைவு என்பது தெரியாமல் எல்லாம் ஒரே கருப்புச் சுவரில் குத்திய புள்ளிகளாகிவிடும்.

அந்தச் சிறுபொழுது நம் பகுதியில் மிகக் குறுகியது. தை மாதத்தில் சூரியன் மறைந்து 22 நிமிடத்தில் அடிவானத்துக்கு 6 பாகை கீழே போய்விடுகிறது. அதுவரைதான் விளக்கில்லாமல் பாதை தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம், கண் நன்றாக இருப்பவர்களுக்கு இன்னும் சில நிமிடம். அன்று அது 6:45. அடுத்த 26 நிமிடத்தில், 7:11க்கு, 12 பாகை. அதற்குமேல் தரையில் எதுவும் தெரியாது. ஆக, பார்க்கச் சிறந்த நேரமும் இறங்கச் சரியான நேரமும் இந்த மலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. காட்சியை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்கவேண்டிய அவசியமே இங்கில்லை. இதுதான் எனக்கு ஆற்றாமை. எதையோ பெறுவதற்காக அபாயத்தை ஏற்றுக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை; அவர்கள் காத்திருந்தது மோசமான காட்சிக்காக.

இருட்டும் வரை நின்றால்தான் இரவுக் காட்சி என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ. திருப்பதி போய் வருகிறவர்கள் பலருக்கு, திருமலையிலிருந்து இறங்கும் மலைப்பாதையில் பஸ் ஜன்னல் வழியே நள்ளிரவை ஒட்டிப் பார்த்த ஊர் விளக்குகள் மனதில் இருக்கும். அங்கே நாம் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம். வளைவைக் கவனிப்பது ஓட்டுநரின் வேலை. இங்கே வளைவும் படியும் நம் காலுக்குக் கீழே.

கண் விஷயம் தனியாக ஒன்று. இருட்டுக்கு விழித்திரை முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூட. பிரகாசமான திரையைச் சில நொடி பார்த்தாலே பழகியதில் பெரும்பகுதி கலைந்துவிடும். பெரியம்மா கடைசி அரைமணி நேரம் விளக்குகளைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நீட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்கத் தொடங்கியபோது அவர் கண் டியூப்லைட் போட்ட அறையிலிருந்து வெளியே வந்த கண்.

பையன்கள் சொன்ன விளக்குக் கம்பம் பற்றியும் ஒரு வார்த்தை. உயரமான கம்பத்தில் வெள்ளை விளக்குப் போட்டால் பாதை தெரியும், பள்ளத்தாக்கு மறைந்துபோகும். எதைப் பார்க்க வந்தார்களோ அதையே அழித்துவிடும். படிகளின் ஓரத்தில், முழங்காலுக்குக் கீழே, தரையை மட்டும் பார்க்கிற மாதிரி மூடிபோட்ட மஞ்சள் விளக்குகள் சில இருந்தால் போதும். அதையாவது செய்யலாம், யார் செய்வது என்பது இந்த எழுத்தின் எல்லைக்குள் வராது.

இன்னொன்றும் கேட்டார்கள்: தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தே ஏறி நடுவழியில் பார்த்தால் என்ன? 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலைச் சரிவில் பிடித்த தீயில் மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, வனத்துறை அனுமதியில்லாமல் அந்தச் சரிவுகளில் நடக்க முடியாது. நடக்கவும் கூடாது. கேரளச் சாலை வழிதான் வழி.

பிறகு

பெரியம்மாவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. கல்யாணத்தை முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார். மணமக்கள் காலில் விழ வந்தபோது எந்தக் கால் என்று கேட்டுச் சிரிக்க வைத்தார்.

எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் இன்னும் ராமக்கல்மேட்டுக்குப் போகிறார்கள். போகவேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. தை, மாசி நல்லது. ஆனி, ஆடியில் மேலே மழையும் மஞ்சும் இருக்கும், கீழே கம்பம் வெயிலடிக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் திரை விலகும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கிழக்கிலிருந்தே வரும் என்பதால் அதையும் எதிர்பார்க்க வேண்டாம். சூரியன் மறையும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, அதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் பாறைக்குப் போய் உட்காரச் சொல்கிறோம். நிழல் ஊர்கள்மேல் ஏறுவதைப் பார்ப்பது விளக்கைப் பார்ப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை. பலருக்கு அது தெரியாது. சூரியன் மறைந்த இருபத்தைந்தாவது நிமிடம் எழுந்துவிட வேண்டும். வயதானவர் முன்னே போகக்கூடாது. விளக்குக்காரர் முன்னே, விளக்கு தாழ, வயதானவர் அவருக்கு அடுத்து. இன்னும் பார்க்கவேண்டும் என்கிறவர்களுக்குச் சாலையோரம் இருக்கிறது. ஜீப்பில் சாய்ந்துகொண்டு எட்டு மணி வரைக்கும் பார்க்கட்டும்.

சொல்வது எளிது. 'பத்து நிமிடம் தம்பி' என்று பெரியவர் ஒருவர் கேட்கும்போது வாடகை ஓட்டுநர் எப்படி மறுப்பார்? அன்று வந்த ஓட்டுநர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். இப்போதெல்லாம் சவாரி பேசும்போதே, சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்குள் ஆட்கள் வண்டிக்கு வந்துவிடவேண்டும், அதற்குமேல் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் காத்திருப்புக் கூலி தனி என்று சொல்லிவிடுகிறார். அவர் அதை வசூலிக்கும் சந்தர்ப்பம் அநேகமாக வருவதில்லையாம்.